நிலம் இல்லாத திணை

மலை குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல், மணல் பாலை என்று சிறுவர் மனப்பாடம் செய்வது வழக்கம். தேர்வுக்கு அது போதும். ஆனால் தொல்காப்பியத்தைத் திறந்து பார்ப்பவர்க்கு அங்கே ஒரு வியப்புக் காத்திருக்கிறது. நிலத்தைப் பகுத்துத் தெய்வம் வகுத்துச் செல்லும் ஆசிரியர், காட்டுக்கு மாயோனையும் மலைக்குச் சேயோனையும் வயலுக்கு வேந்தனையும் கடற்கரைக்கு வருணனையும் உரியராக்கி, அவ்வளவில் நிறுத்திவிடுகிறார். ஐந்தாவது திணைக்கு நிலமும் இல்லை, தெய்வமும் இல்லை. அதற்கு அவர் கொடுத்தது பொழுது மட்டுமே. நண்பகலும் வேனிலும் அதன் பொழுதுகள். பின்பனியும் அதற்கு உரியதாகலாம் என்பது அவர் கருத்து. நிலம் இன்றிப் பொழுது மட்டும் உடையதாய் ஒரு திணை இருக்குமாயின், அது ஓர் இடத்தின் பெயர் அன்று. இடத்திற்கு நேரும் ஒரு நிலையின் பெயர் என்பது தானே பெறப்படும்.

பிற்காலத்து இலக்கண நூலார்க்கு இந்த வெற்றிடம் பொறுக்கவில்லை. மற்ற நான்கிற்கும் நிகராகப் பாலைக்கும் ஒரு பட்டியலை நிரப்பினார்கள். தெய்வம் கொற்றவை, மக்கள் எயினர், மறவர், தொழில் வழிப்பறி, விலங்கு செந்நாய், பறவை பருந்தும் கழுகும், மரம் ஓமை, இருப்பை, கள்ளி. பட்டியல் நிரம்பினால் மாணவர்க்கு எளிது. ஆசிரியர்க்கு இன்னும் எளிது. ஆயினும் தொல்காப்பியர் விட்டுவைத்த வெற்றிடத்தில்தான் பொருள் மிகுதி என்பது என் துணிபு.

இளங்கோவடிகள் இதனை விளங்கச் சொன்னார். சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில், மதுரைக்குச் செல்லும் வழிகளைக் கோவலனுக்கு எடுத்துரைக்கும் மாங்காட்டு மறையவன், வெயிலின் கொடுமையையும் உரைக்கிறான். முல்லையும் குறிஞ்சியும் தத்தம் இயல்பு கெட்டு, தம்மை அடைந்தோர்க்குத் துன்பம் விளைக்கும் பாலை என்னும் வடிவத்தை மேற்கொள்ளும் என்பது அவன் கூற்றின் சாரம். ஆகவே பாலை என்பது வேறு எங்கோ கிடக்கும் நாடு அன்று. நேற்று வரை ஆடு மேய்ந்த காடும், தினை விளைந்த சாரலுமே இன்று பாலையாகின்றன. மழை பெய்தால் அவை மீண்டும் காடும் சாரலும் ஆகின்றன. வரும், இருக்கும், போகும். இந்தப் போகும் என்ற சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மண்ணும் நெருப்பும் நீரும் காற்றும் வானும் ஒன்றோடொன்று விரவி நிற்பதே உலகம் என்பது பண்டையோர் கொள்கை. விரவி நிற்கும் வரையில் அது வாழத்தக்க உலகம். அவற்றுள் ஒன்று மட்டும் மிஞ்சி மற்றவற்றை அடக்கியாளத் தொடங்கினால் விளைவது என்ன? பாலைப் பாட்டுக்களைப் படிப்பவர் காண்பது அதைத்தான். அங்கே நெருப்பே அரசு. சுனை வற்றுகிறது, மூங்கில் ஒன்றோடொன்று உராய்ந்து தீப்பற்றுகிறது, இலையற்ற மரத்தின் நிழல் வலைபோல் தரையில் விழுகிறது, தொலைவில் நீர் இருப்பதுபோல் கானல் தோன்றி விலங்கை அலைக்கழிக்கிறது. பிற நாட்டார் தம் கதைகளில் நெருப்புலகம், பனியுலகம் என்று மாந்தர் எட்டமுடியாத உலகங்களைப் படைத்தார்கள். நம் புலவர்கள் அவ்வளவு தொலைவு செல்லவில்லை. ஊரெல்லைக்கு அப்பால், வழிப்போக்கன் மூன்றாம் நாள் நடக்கவேண்டிய இடத்திலேயே அவ்வுலகத்தை வைத்தார்கள்.

அதையே மிகுதியாகப் பாடவும் செய்தார்கள். அகநானூற்றின் 400 பாட்டுக்களில் ஒற்றைப்படை எண் பெற்றவை அனைத்தும் பாலை. அதாவது நூலின் சரிபாதி. மற்ற நான்கு திணைகளும் எஞ்சிய 200 பாட்டுக்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கலித்தொகையில் 35, ஐங்குறுநூற்றில் 100. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தையே விரித்துரைத்தாலும், திணையால் அதுவும் பாலையே. நீர்வளம் மிக்க நாடென்று பேர்பெற்ற தமிழகத்தின் புலவர்க்கு வறண்ட நிலத்தின்மேல் இத்துணை ஆர்வம் ஏன்?

விடை அத்திணையின் உரிப்பொருளில் இருக்கிறது. பாலைக்கு உரியது பிரிவு. அப்பிரிவிலும் பெரும்பாலானது பொருள்வயின் பிரிவு; வீட்டில் இருந்தால் பிழைப்பு நடவாது என்று பொருள் ஈட்டப் புறப்படும் பிரிவு. புறப்படுபவன் நடந்தாக வேண்டிய வழியே பாலை. ஆகவே பாலை என்பது குடியிருப்பவரின் நிலம் அன்று, கடந்து செல்பவரின் நிலம். அவ்வழியில் உமணர் உப்பு வண்டிகளை ஓட்டிச் சென்றார்கள். அவர்கள் சமைத்துவிட்டுப் போன அடுப்புக் கற்களில் பின்னால் வந்த வில்வீரர் ஊன் சமைத்ததாக ஒரு பாட்டுச் சொல்கிறது. தாகம் தாங்காதவர் நெல்லிக்காயைத் தின்று நாவை நனைத்தனர். அம்பு பட்டு மாண்டவர்மேல் கற்களைக் குவித்தனர். அக்குவியலுக்குப் பதுக்கை என்று பெயர். ஊர் காத்து விழுந்தவர்க்கு நடுகல் நாட்டிப் பீலி சூட்டினர். வரலாறு எழுதுவார்க்கு மருதப் பாட்டைக் காட்டிலும் பாலைப் பாட்டே மிகுந்த செய்தி தரும்.

இனி நம் கொங்கு நாட்டிற்கு வருவோம்.

மேற்கே மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைத் தடுத்துத் தன் மறுபுறத்திலேயே கொட்டிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் வழியே நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுத்தான். திருப்பூர், பல்லடம், காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பாறை மேலாக நிற்கும் மண், ஆழக் கிணறு. இந்நிலம் முழுப் பாலையும் அன்று, முழு முல்லையும் அன்று. இரண்டுக்கும் நடுவே, எந்தப் பக்கமும் சாயக்கூடிய எல்லையில் இருப்பது. மறையவன் சொன்ன மாற்றம் நடைபெறுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு வேண்டுமோ?

சங்கப் புலவர்கள் இதனை அறிந்திருந்தனர். அகநானூற்றின் 79ஆம் பாட்டு குடவாயில் கீரத்தனார் பாடியது, பாலைத் திணை. அதில் பாறையைத் தீப்பொறி பறக்க உடைத்துத் தோண்டிய கிணறும், அதன் ஊற்றுநீரை நாடிக் கழுத்துமணி ஒலிக்க விரையும் கொங்கரின் பசுக்களும், அவை எழுப்பும் செம்மண் புழுதியும் வருகின்றன. பதிற்றுப்பத்தின் 22ஆம் பாட்டிலும் இதே காட்சியை வேறு கோணத்தில் காணலாம். ஆழக் கிணற்றிலிருந்து நீண்ட கயிற்றில் சிறு கலத்தால் மொண்ட கொஞ்ச நீரைச் சுற்றி மொய்க்கும் ஆனிரை. அந்த ஆனிரைக்கு உடையவர் கொங்கர். அதைப் பாடியவர் பாலைக் கௌதமனார் என்பதும் நோக்கத்தக்கது. சென்ற தலைமுறை வரை காங்கயம் பக்கத்தில் கவலை இறைத்தவர்க்கு இப்பாட்டுக்களுக்கு உரை தேவையில்லை. எருதுகள் பின்னோக்கி நடந்து மேலேறுவதும், சால் தளும்பி வாய்க்காலில் சாய்வதும் அவர்கள் கண்ணால் கண்டவை. நானும் சிறுவனாக அவ்வொலியைக் கேட்டிருக்கிறேன்.

பாலைத் திணைக்குத் தன் பெயரையே முன்னொட்டாகப் பெற்ற புலவன் ஒருவனும் இப்பகுதியோடு உறவுடையவன் போலும். அவன் பாலை பாடிய பெருங்கடுங்கோ, சேர மரபினன். நொய்யல் ஆறு காவிரியில் கலக்கும் இடத்திற்குச் சில கல் தொலைவில், புகழூருக்கு அருகே ஆறுநாட்டார் மலை இருக்கிறது. அதன் குகையில் சமண முனிவர் ஒருவர்க்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தியைத் தமிழ்பிராமிக் கல்வெட்டுக் கூறுகிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையை அது குறிக்கிறது. கல்வெட்டின் பெருங்கடுங்கோனே புலவன் என்பாரும் உளர். அக்குடியினன் என்ற அளவில் நிற்பாரும் உளர். எவ்வாறாயினும், கரூரிலிருந்து ஆண்ட சேரர் மேற்கே நோக்கினால் கண்ணில் பட்டது இந்த வெயில் நிலமே.

அவன் பாடிய கலித்தொகைப் பாட்டு ஒன்றை ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைப்பது என் வழக்கமாக இருந்தது. தலைவன் தான் போகும் வழியின் கொடுமையைத் தலைவிக்குச் சொல்கிறான். சொல்லும்போதே அங்கே கண்டவற்றையும் சொல்லிவிடுகிறான். யானைக் கன்று கலக்கிவிட்ட சிறிதளவு நீரைக் களிறு தான் குடியாமல் பிடிக்கு முதலில் ஊட்டுகிறது. வெயிலில் வாடிய பெடையை ஆண்புறா தன் மெல்லிய சிறகால் விசிறுகிறது. நிழலே இல்லாத இடத்தில் கலைமான் தன் உடம்பின் நிழலைப் பிணைக்குக் கொடுத்து நிற்கிறது. இவற்றையெல்லாம் கண்ணால் காண்பவர் என்னை மறந்து தங்கிவிடமாட்டார், திரும்பி வருவார் என்று தலைவி தேறுகிறாள். வறண்ட நிலத்தை வெறும் அச்சத்தின் இருப்பிடமாக மட்டும் காட்டாமல், நீர் குறைந்த இடத்தில் அன்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைக் காட்டினான் அக்கவி அரசன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அந்தக் களிறுக்குத் தண்ணீர் மிஞ்சியதா?" என்று கேட்டான். பிடிக்கு ஊட்டிய பின்னரே களிறு உண்ணும் என்கிறது பாட்டு.

இத்தகைய நிலத்தில் மக்கள் எவ்வாறு செழித்தனர் என்பதற்குச் சான்று கொடுமணல். நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்து எல்லைக்குள் இருக்கிறது இச்சிற்றூர். பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இதுவே. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985ஆம் ஆண்டு தொடங்கி இங்கு நடத்திய அகழாய்வுகளும், பின்னர் நடந்தவையும் வெளிப்படுத்தியவை பல. இரும்பு உருக்கிய உலைகள் இருந்தன. பச்சைக்கல், படிகம், சூதுபவளம் முதலியவற்றில் மணி அறுத்துத் துளையிட்ட தொழிற்கூடங்கள் இருந்தன. தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. நூல் நூற்கப் பயன்பட்ட சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. பருத்தி இந்நாட்டிற்கு நேற்று வந்த செல்வம் அன்று.

ஊருக்குப் புறத்தே கல்வட்டங்களும் கற்குவைகளும் நூற்றுக்கு மேல் பரந்து கிடக்கின்றன. இவற்றைக் கண்டவுடன் பாலைப் பாட்டின் பதுக்கை இதுவே என்று சொல்லத் தோன்றும். அது பொருந்தாது. இவை வழியில் மாண்டவரின் அவசரக் குவியல்கள் அல்ல. வசதி படைத்த ஊரார் தம் இறந்தோர்க்கு மணிகளோடும் படைக்கலங்களோடும் முறையாக எடுத்த ஈமச்சின்னங்கள். வெயில் நிலத்தின் நடுவே அவ்வூர் வாழ்ந்ததற்குக் காரணம் வழி. கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக்கடல் துறைமுகமாகிய முசிறிக்குச் சென்ற பாதை இப்பகுதியின் ஊடே சென்றது. கோவைக்கு அருகே வெள்ளலூரில் உரோமானியர் காசுப் புதையல் கிடைத்தது இதனாலேயே. பிற்காலத்தில் சோழர் இப்பகுதியைக் கொண்டபோது இராசகேசரிப் பெருவழி என்று பாதைக்குப் பெயரிட்டுக் கல்லில் பொறித்தனர். கடந்து செல்பவரின் நிலம் என்று முன்னே கூறினேன்; கடந்து செல்பவர் மிகுந்ததனாலேயே இங்கு நிலைத்து வாழ்பவரும் மிகுந்தனர்.

மழையை நம்ப முடியாத நிலத்தில் வாழும் கலையை இம்மக்கள் மெல்லக் கற்றனர். நொய்யலில் வெள்ளம் வரும் சில நாட்களில் அந்நீரைத் தடுத்துத் திருப்பத் தடுப்பணைகளும், தேக்கி வைக்கக் குளங்களும் வெட்டினர். ஆறு வறண்ட பின்னும் கிணறு வறளாமல் இருக்க அக்குளங்களே காரணம். நீர் எட்டாத மேட்டு நிலத்தைக் கொறங்காடாக வைத்தனர். அஃது என்னவென்று வேற்றூர் நேயர்கள் கேட்கக்கூடும். கிளுவை முள்வேலியால் சுற்றி அடைத்த மேய்ச்சல் காடு அது. உள்ளே கொழுக்கட்டைப் புல்; இடையிடையே வெள்வேல மரம். புல் காய்ந்தாலும் அதன் வேர் காய்வதில்லை. புல் தீர்ந்தால் வேல மரத்தின் காய் தீனியாகும். ஒரு காட்டில் மேய்த்து, அது தளிர்க்கும் வரை அடுத்த காட்டிற்கு மாற்றுவர். காங்கயம் மாடு இந்தக் கொறங்காட்டின் பிள்ளை. கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து சில திங்களில் சாம்பல் நிறம் கொள்ளும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் அவ்வினத்தைப் பேணி வளர்த்தது நாடறிந்தது. ஊத்துக்குளி வெண்ணெய்க்குக் கிடைத்த பேரும் இந்த வறண்ட நிலம் தந்ததே.

அப்படியும் பாலை வராமல் போகவில்லை. 1876ஆம் ஆண்டு தொடங்கிய பெரும்பஞ்சத்தை நம் பாட்டன்மார் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லி நடுங்குவர். சென்னை மாகாணத்தின் பிற பகுதிகளோடு கோவை ஜில்லாவும் அதில் சிக்கிச் சீரழிந்தது. உயிர் தப்பியவருள் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குப் பெயர்ந்தனர். ஆயினும் 1878க்குப் பின் மழை பெய்தது. சோளமும் கம்பும் மீண்டும் விளைந்தன. வந்த பாலை போயிற்று. 1930களில் பைக்காராவின் மின்சாரம் கிணற்றுக்கு வந்தது. 1955இல் பவானிசாகர் அணை கட்டி முடிந்தது. 1960களில் பரம்பிக்குளம் ஆழியாற்று நீர் கால்வாயில் வந்தது. இனிப் பாலை என்பது ஏட்டில் மட்டுமே என்று எண்ணும்படியான காலம் ஒன்று பிறந்தது.

திருப்பூரின் எழுச்சியை விரிக்க வேண்டுவதில்லை, அறியாதார் இல்லை. பருத்தி அரைவையும் சந்தையுமாக இருந்த ஊரில் 1920களில் பின்னலாடைத் தொழில் கால் ஊன்றியது. 1970களுக்குப் பின் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி பெருகியது. பனியன் கம்பெனி வந்த இடத்தில் சாயப்பட்டறையும் சலவைப்பட்டறையும் வந்தன. அவை ஆற்றங்கரையை நாடின.

இங்கே தொழில்முறையைச் சற்று விளக்கியாக வேண்டும். ஏனெனில் கேடு வந்தது நிறத்தால் என்றே பலரும் எண்ணுகிறார்கள். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது சாயம் நீரிலேயே தங்க விரும்பும். நூலுக்குள் செல்லத் தயங்கும். அதை நூலின்பால் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். ஆழ்ந்த நிறமாயின் ஒரு லிட்டர் சாய நீருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு வரை இடுவர். சாயம் நூலில் தங்கும், உப்புத் தங்காது. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். 1990களில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை ஓரளவு நீக்கின. கரைந்த உப்பை அவற்றால் நீக்க இயலவில்லை. நீர் தெளிந்ததுபோல் தோன்றிற்று. உப்பு உள்ளே இருந்தது. உமணர் மாட்டு வண்டியில் மூட்டை மூட்டையாகக் கொண்டு கடந்த அதே உப்பு, இப்போது ஆற்று வழியே தானாக நடந்தது.

கொடுமணலுக்கு மிக அருகில் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டி 1992ஆம் ஆண்டளவில் திறக்கப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறவேண்டும் என்பது திட்டம். சில ஆண்டுகளிலேயே அணை தேக்கியது வெள்ளத்தை அன்று, சாயக்கழிவை. திறந்துவிட்டால் கீழ்ப்புறத்து வயல் கெடும். திறவாவிட்டால் சுற்றுப்புறத்துக் கிணறு கெடும். உப்பின் ஒரு கூறாகிய சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் கலைத்து அதை இறுகச் செய்துவிடும், மழைநீரும் உள்ளிறங்காது. கிணற்று நீர் உவர்த்தது. தென்னையின் குரும்பை உதிர்ந்தது. மாடு தொட்டியருகே வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிற்று. தலைமுறை தலைமுறையாகப் பாறை உடைத்துக் கிணறு தோண்டியவரின் வழிவந்தோர், கிணறு நிறைய நீரை வைத்துக்கொண்டு குடிநீர் வண்டிக்காகக் குடத்தோடு நின்றார்கள்.

இலக்கணத்தார் இத்தகைய பாலையைக் கண்டதில்லை. அவர்கள் கண்ட பாலையில் நெருப்பு மிஞ்சியது, நீர் தோற்றது. இங்கோ ஆறு கோடையிலும் வற்றவில்லை. நடுவேனிலிலும் கரையோரம் ஈரமாகவே இருந்தது. நீரே பாலையைச் சுமந்து வந்தது. அவர்கள் கண்ட பாலைக்கு நண்பகலும் வேனிலும் பொழுது. இதற்குப் பொழுது இல்லை. ஒரு மழையில் அது நீங்கியது. இது மழையில் இன்னும் சிறிது கீழே இறங்கியது.

உலகில் இது தனிச் செய்தியும் அன்று. நடு ஆசியாவில் ஆரல் கடல் என்னும் பேரேரி 1960 வரை உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. அதற்கு நீர் தந்த ஆமு தரியா, சிர் தரியா என்னும் இரண்டு ஆறுகளையும் சோவியத் அரசினர் வயல்களுக்குத் திருப்பினார்கள். என்ன வயல்கள்? பெரும்பாலும் பருத்தி வயல்கள். ஏரி வற்றியது. வற்றிய தரையில் உப்பும் மணலும் கலந்த ஒரு புதிய பாலைநிலம் தோன்றி, அதற்கு ஆரல்கும் என்று பெயரும் இட்டாயிற்று. அங்கே பருத்தி விளைக்க நீரை எடுத்தார்கள். இங்கே பருத்திக்கு நிறம் ஊட்ட நீரைக் கெடுத்தோம். இரண்டு இடத்திலும் எஞ்சியது உப்பு.

நொய்யல் பாசன உழவர்களின் சங்கம் 2003இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்குப் பட்டறைகள் மாறவேண்டும் என்று 2006 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. கெடு மேல் கெடு கடந்தது. இறுதியில் 2011 ஜனவரி 28ஆம் நாள், சாயப்பட்டறை, சலவைப்பட்டறை அனைத்தையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்குமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

உழவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்று மூடியது பட்டறைக் கதவு மட்டும் அன்று. சாயம் இன்றித் துணி இல்லை. துணி இன்றித் தையல் இல்லை. திண்டுக்கல்லிலிருந்தும் மதுரை, தேனிப் பக்கங்களிலிருந்தும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஓவர்லாக் தையலிலும் துணி மடிப்பதிலும் வாரக்கூலி பெற்றவர்கள் மூட்டையோடு தொடர்வண்டி நிலையத்தில் அமர்ந்தார்கள். பொருள்வயின் பிரிவு என்று நாம் ஏட்டில் படித்ததற்கு இவர்களைவிடத் தெளிவான உரை எவரும் எழுதமுடியாது. திருப்பூர் என்னும் ஊரே அந்தப் பிரிவின்மேல் எழுந்த ஊர். மருதப் பாட்டில் வரும் தலைவனைப்போல் வயல் உடையவன் எவனும் அங்கே வாடகை அறைக்கு வருவதில்லை. எங்கோ ஒரு முல்லை பாலையாகத் திரிந்த பிறகே அவ்வூரிலிருந்து ஒருவன் திருப்பூருக்கு வண்டி ஏறுகிறான். அவன் வந்து உழைத்த தொழில், இங்கிருந்த முல்லையைப் பாலையாகத் திரித்தது. இதில் எவரை நோவது என்று எளிதில் சொல்லிவிட முடியாது; சொல்லிவிடுகிறவரை நான் நம்புவதில்லை.

அதன் பின்னர்ப் பட்டறைகள் புதிய முறையில் மெல்ல மெல்லத் திறந்தன. கழிவுநீரை மெல்லிய சவ்வுகளின் ஊடே அழுத்தித் தூயநீரைப் பிரிக்கிறார்கள். அந்நீர் மீண்டும் சாயத்திற்கே செல்கிறது. எஞ்சிய செறிந்த உப்புநீரிலிருந்தும் உப்பை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். செலவு மிகுதியே, ஆயினும் நடக்கிறது. உலகில் ஒரு தொழில் நகரம் முழுவதும் இம்முறைக்கு மாறியது அருமை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திருப்பூரின் எல்லையிலேயே சர்க்கார் பெரியபாளையத்தில் உள்ள நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. இமயத்திற்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துக்கள் அங்கே வந்து இறங்குகின்றன.

நொய்யல் கரையின் மண் அவ்வளவு விரைவில் தேறவில்லை. நன்மழை பெய்த ஆண்டுகளில் கிணற்று நீர் சற்று இனிக்கிறது. அடுத்த வறட்சியில் மீண்டும் உவர்க்கிறது. சில தோட்டங்களில் உப்பைப் பொறுக்கும் தீவனப் புல்லை மட்டும் பயிரிட்டு மாடு வளர்க்கிறார்கள். கொங்கர் மறுபடியும் ஆனிரையிடம் திரும்பியிருக்கிறார்கள்.

சுத்திகரிப்பு நிலையங்களில் ஒரு பொருள் மட்டும் போகும் வழியின்றித் தங்கியிருக்கிறது. மீட்க முடியாதபடி பலவகை உப்புக்களும் சாயத்தின் எச்சமும் கலந்த திடக்கழிவு அது. விற்க முடியாது, புதைக்கவும் தகாது. அதை மூட்டைகளில் கட்டிக் கொட்டகைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் மூட்டை பெருகுகிறது. ஐப்பசி பிறந்து வானம் கறுக்கும்போது வறண்ட கொங்கு நாடு முழுவதும் மழையை எதிர்நோக்கி அண்ணாந்து பார்க்கிறது. அக்கொட்டகைகளில் மட்டும் ஆட்கள் கூரைத் தகரத்தில் எங்கேனும் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.